நெல்லும் பதரும் ஒரே அளவுதானே?
உலோக நுண்துகள்களின் படிக அமைப்பும் வடிவமும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பயிற்சி வகுப்பில் நானோ துகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "பொருள் எவ்வளவு சிறியதாகிறதோ அவ்வளவுக்கு அதன் வேகம் கூடும், இதுதான் நானோவின் இரகசியம்" என்று சொல்லி முடித்தேன். முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க சார், நெல்லும் பதரும் பார்வைக்கு ஒரே அளவுதானுங்களே? அளவு ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒண்ணாயிடுமுங்களா?" என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னது பாதிப் பாடம். வகுப்பு முடிந்ததும் அவர் தம் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டினார். 'நானோ வெள்ளி, எல்லா நோய்க்கும்' என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. துகளின் அளவு, வடிவம், பதிவு எண் எதுவும் அதில் இல்லை. மிளகாய்க்கு இரண்டு முறை தெளித்துவிட்டாராம். "இது நல்லதா, கெட்டதா?" என்றார். புட்டியைப் பார்த்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்ட மீதிப் பாடத்தை இக்கட்டுரையில் எழுதுகிறேன். உலோகத்தின் பெயரைச் சொல்லி உங்கள் வாசலுக்கு வரும் பொருள்களை எடை போட இது உதவும்.

நானோ மீட்டர் என்பது எவ்வளவு?

ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் பாகமாகப் பிரித்தால் அதில் ஒரு பாகம் ஒரு நானோ மீட்டர். நம் தலைமுடியின் கனம் ஏறத்தாழ 50,000 முதல் 1,00,000 நானோ மீட்டர் வரை இருக்கும். பொதுவாக 1 முதல் 100 நானோ மீட்டர் வரையுள்ள துகளையே நானோ துகள் அல்லது நுண்துகள் என்கிறோம். 4 நானோ மீட்டர் குறுக்களவுள்ள ஒரு தங்கத் துகளில் சுமார் 2,000 அணுக்களே இருக்கும்.

சிறியதாவதால் என்ன நேர்கிறது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. உள்ள ஒரு செம்புக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை ஏறத்தாழ 9 கிராம். அதற்கு ஆறு முகங்கள்; மொத்த மேற்பரப்பு 6 சதுர செ.மீ. இதையே 1 மி.மீ. கட்டிகளாக நறுக்கினால் 1,000 கட்டிகள் கிடைக்கும். மேற்பரப்பு 60 சதுர செ.மீ. ஆகிவிடும். 10 நானோ மீட்டர் கட்டிகளாக நறுக்க முடிந்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 15 சென்ட் நிலம்! அதே 9 கிராம் செம்புதான். ஆனால் காற்றும் நீரும் நுண்ணுயிரும் தொடக்கூடிய பரப்பு அவ்வளவு விரிந்துவிடுகிறது. நான் வகுப்பில் சொன்னது இந்த அளவில் சரியே.

பெரியவரின் கேள்வி இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இந்த 15 சென்ட் நிலமும் ஒரே தரமா? உழுத புழுதி வயலும் சாணி மெழுகிய களமும் பரப்பில் ஒன்றாக இருக்கலாம்; விதைத்தால் இரண்டும் ஒன்றாக விளையுமா? உலோகத் துகளின் மேற்பரப்பிலும் இப்படிப்பட்ட வேறுபாடு உண்டு. அதைத் தீர்மானிப்பவை அதன் படிக அமைப்பும் வடிவமும் ஆகும்.

எலுமிச்சம்பழத்தில் ஒரு பாடம்

உப்பும் கல்கண்டும் படிகங்கள் என்பது நாம் அறிந்ததே. அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தால் அது படிகம். தங்கம், வெள்ளி, செம்பு ஆகியவையும் படிகங்களே. அவற்றின் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஒரே அளவுள்ள எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பழத்தை நடுவில் வைத்து அதைச் சுற்றி நெருக்கமாகப் பழங்களை அடுக்குங்கள். சரியாக ஆறு பழங்களே பிடிக்கும். இந்த அடுக்கின் மேலுள்ள பள்ளங்களில், நடுப்பழத்தைத் தொடும்படி மூன்று பழங்களை வைக்கலாம். அதுபோல் அடியிலும் மூன்று. ஆக, நடுப்பழத்தைத் தொட்டுக்கொண்டு 12 பழங்கள் இருக்கின்றன. தங்கம், வெள்ளி, செம்பு, அலுமினியம் ஆகிய உலோகங்களின் உள்ளே இருக்கும் ஒவ்வோர் அணுவுக்கும் இவ்வாறே 12 அண்டை அணுக்கள் உண்டு.

சந்தையில் பழக்கடைக்காரர் சாத்துக்குடியைச் சதுரமான அடித்தளத்தின் மேல் கோபுரம் போல் அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த உலோகங்களின் அடுக்குமுறையும் அதுவே. அந்தக் கோபுரத்தின் அடித்தளத்தைப் பார்த்தால் பழங்கள் சதுரம் சதுரமாக அமைந்திருக்கும். சரிந்த பக்கங்களைப் பார்த்தால் அதே பழங்கள் முக்கோணமாக நெருங்கி அமைந்திருக்கும். அடுக்கு ஒன்றே, ஆனால் எந்தப் பக்கம் வெளியே தெரிகிறது என்பதைப் பொறுத்து முகம் மாறுகிறது. இவற்றைச் சதுர முகம், முக்கோண முகம் என்று இக்கட்டுரையில் அழைப்போம்.

மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு வெளிப்பக்கத்தில் அண்டை வீட்டார் இல்லை. முக்கோண முகத்தில் உள்ள அணுவுக்கு 9 அண்டை அணுக்கள்; மூன்று குறைவு. சதுர முகத்தில் உள்ள அணுவுக்கு 8, நான்கு குறைவு. விளிம்பிலும் முனையிலும் உள்ள அணுக்களுக்கு இன்னும் குறைவு. துணை குறைந்த அணு வேறு துணையைத் தேடும். அருகே வரும் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். ஆகவேதான் ஒரே உலோகத்தின் இரு முகங்கள் இரு விதமாக வேலை செய்கின்றன.

வடிவம் எப்படி உண்டாகிறது?

எட்டு முக்கோண முகங்களால் மூடப்பட்ட துகள், இரண்டு கோபுரங்களை அடியோடு அடி ஒட்டியது போல் இருக்கும். இதற்கு எண்முகி என்று பெயர். ஆறு சதுர முகங்களால் மூடப்பட்டது கனசதுரம், அதாவது தாயக்கட்டைக் குறுக்கி நான்கு பக்கமும் சமமாக்கியது போன்றது.

துணை குறைந்த அணுக்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குத் துகளில் ஆற்றல் மிகுந்து நிற்கும். இயற்கை அதைக் குறைக்கவே முயலும். முக்கோண முகத்தில் இழப்பு குறைவு என்பதால் எண்முகி நல்லது போல் தோன்றும். ஆனால் எண்முகியின் கூர்முனைகளால் மொத்த மேற்பரப்பு கூடிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் சமரசம் காண்பது, ஆறு முனைகளும் சீவப்பட்ட எண்முகி. அதற்கு 8 அறுகோண வடிவ முகங்களும் 6 சதுர முகங்களும் ஆக 14 முகங்கள். எந்த முகத்துக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதற்கான விதியை ரஷ்யப் படிகவியல் அறிஞர் வுல்ஃப் 1901ஆம் ஆண்டிலேயே கூறினார்.

மிகச் சிறிய துகள்களில் மற்றொரு விந்தை உண்டு. தங்க ஆவியைக் கல்லுப்புப் படிகத்தின் மேல் படியச் செய்து ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் ஷோசோ இனோ, 1966ஆம் ஆண்டில், ஐந்து பட்டையாகவும் இருபது முகமாகவும் அமைந்த துகள்களைப் பற்றி எழுதினார். ஐந்து நான்முகிகளை ஒரே அச்சைச் சுற்றி அடுக்கினால் இவ்வடிவம் வரும். ஆனால் ஒரு நான்முகியின் கோணம் சுமார் 70.5 டிகிரி, ஐந்து சேர்ந்தால் 352.6 டிகிரிதான். முழு வட்டத்துக்கு 7 டிகிரிக்கும் சற்று அதிகமான இடைவெளி விழுகிறது. துகள் சிறியதாக இருக்கும்போது அணுக்கள் சற்றே வளைந்து கொடுத்து அந்த இடைவெளியை மூடிக்கொள்கின்றன. துகள் பெரிதாகப் பெரிதாக அந்த இறுக்கம் தாங்காமல் சாதாரண அடுக்குக்கே திரும்புவது இலாபமாகிறது. சிறியதற்கு ஏற்ற வடிவம் பெரியதற்கு ஏற்றதாக இருப்பதில்லை.

வேகமாக வளரும் முகம் மறையும்

நாம் வேண்டும் வடிவத்தை வரவழைக்க முடியுமா? முடியும். இங்கே ஒரு விதியை மனத்தில் கொள்ளுங்கள். படிகத்தில் எந்த முகம் வேகமாக வளர்கிறதோ அது குறுகிக்கொண்டே போய் மறைந்துவிடும். மெதுவாக வளரும் முகமே கடைசியில் நிலைத்து நிற்கும். நேர்மாறாகத் தோன்றினாலும் இதுவே உண்மை. எண்முகியின் முனையில் அணுக்கள் விரைவாக வந்து சேர்ந்தால் முனை கூர்மையாகி நீளும். அங்கிருந்த சிறு சதுர முகம் அத்துடன் முடிந்துவிடும்.

ஆகவே, நமக்கு வேண்டிய முகத்தின் வளர்ச்சியைத் தடுத்தால் அந்த முகமே மிஞ்சும். கொடியில் ஒரு பக்கக் கிளையைக் கிள்ளி மறுபக்கத்தை வளரவிடுவது போன்றது இது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சன், சியா ஆகியோர் 2002ஆம் ஆண்டில் வெள்ளியைக் கனசதுரத் துகள்களாக வளர்த்துக் காட்டினர். அதற்கு அவர்கள் சேர்த்தது பாலிவினைல் பைரோலிடோன் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு. அது வெள்ளியின் சதுர முகங்களில் ஒட்டிக்கொண்டு அங்கு அணுக்கள் சேர்வதைத் தாமதப்படுத்துகிறது. எனவே சதுர முகங்களே மிஞ்சிக் கனசதுரம் உருவாகிறது.

இத்தகைய மேல்பூச்சு இன்னொரு வேலையும் செய்கிறது. பூச்சு இல்லாத துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். திரண்ட பின் நானோவின் பயன் பெரும்பாலும் போய்விடும்.

கண்ணால் காணும் சான்று

அளவும் வடிவமும் மாறினால் நிறமே மாறும். கட்டித் தங்கம் மஞ்சள். நீரில் பரவியிருக்கும் 20 நானோ மீட்டர் தங்க உருண்டைகள் நல்ல சிவப்பு. அவை திரண்டால் ஊதாவும் நீலமுமாகும். தங்கத்தின் சிவப்புக் கரைசலை மைக்கேல் பாரடே 1857ஆம் ஆண்டில் விரிவாக ஆராய்ந்தார். வெள்ளியின் சிறு உருண்டைகள் மஞ்சளாகத் தெரியும். அதே வெள்ளி முக்கோணத் தட்டுகளானால் நீலமாகத் தெரியும். கர்ப்பப் பரிசோதனை அட்டையிலும், கொரோனா காலத்தில் வீட்டில் பார்த்த சோதனை அட்டையிலும் தோன்றும் சிவப்புக் கோட்டைக் காட்டுபவை பெரும்பாலும் தங்க நுண்துகள்களே. பயிரின் நச்சுயிரி நோய்களைக் கண்டறியவும் இத்தகைய அட்டைகள் உண்டு.

யூரியா மூட்டைக்குள் ஒரு படிகப் பாடம்

உலோக முகத்தின் வேறுபாடு நம்மைப் போன்றவர்களுக்கு என்ன செய்தது என்று கேட்கலாம். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு யூரியா மூட்டையும் இதற்குப் பதில் சொல்லும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அது காற்றிலிருந்து வந்தது. காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியாவாக்கும் முறையை ஜெர்மனியின் ஹேபர் கண்டறிய, பாஷ் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913ஆம் ஆண்டில் ஓப்பாவில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. நைட்ரஜன் மூலக்கூறை உடைப்பதே இதில் கடினமான வேலை. அந்த வேலையைச் செய்வது இரும்பின் மேற்பரப்பு.

இரும்பின் அடுக்கு வேறு. கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் எட்டு அணுக்கள், நடுவில் ஒன்று. நடு அணுவுக்கு நெருங்கிய அண்டை அணுக்கள் எட்டே. இரும்பின் ஒற்றைப் படிகங்களை மூன்று திசைகளில் அறுத்து, மூன்று வகை முகங்களில் அம்மோனியா உண்டாகும் வேகத்தை அமெரிக்காவில் சோமோர்ஜாய் குழுவினர் ஒப்பிட்டனர். 1982ஆம் ஆண்டில் வெளியான அவர்களது முடிவு: அணுக்கள் மிக நெருக்கமாக அடுங்கிய முகத்தின் வேகத்தை 1 என்று வைத்தால், அடுத்த முகத்தின் வேகம் 25, உள் அடுக்கு அணுக்களும் தெரியும்படி திறந்து கிடக்கும் முகத்தின் வேகம் 418! உலோகம் ஒன்று, பரப்பும் ஒன்று. முகம் மாத்திரம் வேறு. மெழுகிய களத்துக்கும் உழுத வயலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இரும்பின் மேற்பரப்பில் நைட்ரஜன் படிப்படியாக எப்படி உடைகிறது என்பதை விளக்கியது உள்ளிட்ட மேற்பரப்பு ஆய்வுகளுக்காக ஜெர்மனியின் எர்ட்ல் 2007ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

ஆலையில் இரும்பு மிக நுண்ணிய படிகங்களாக இருக்கிறது. அலுமினியம் ஆக்சைடைச் சிறிதளவு கலப்பதால் அப்படிகங்கள் சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடாமல் நிற்கின்றன. நுண்துகளின் வடிவத்தைப் படைப்பதைப் போலவே அதைக் காப்பதும் முக்கியம்.

கரைந்தால் வடிவம் ஏது?

இனி நம் வயலுக்கு வருவோம். நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுகிறோம். அது படிகம்தான், ஆனால் ஈரத்தில் கரைந்துவிடுகிறது. கரைந்த பின் பழைய படிகத்தின் வடிவத்துக்கு வேலை இல்லை. போர்டோக் கலவைக்கு நாம் கரைக்கும் மயில்துத்தமும் அப்படியே. துகளின் முகமும் முனையும் பயன் தருவது, அது திடத் துகளாக நிலைத்திருக்கும் வரையில்தான்.

வெள்ளி நுண்துகளுக்கு நுண்ணுயிரைக் கொல்லும் திறன் உண்டு என்பது உண்மையே. 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், முக்கோணத் தட்டு வடிவ வெள்ளித் துகள்கள் உருண்டைகளையும் குச்சிகளையும் விட ஈ.கோலை பாக்டீரியாவை வலுவாக அழித்தன. அத்தட்டுகளின் பெரிய முகங்கள் முக்கோண முகங்களே. ஆனால் இது ஆய்வுக்கூடத் தட்டில் கண்ட முடிவு. வயலில் வெயில், மழை, தெளிப்பு நீரின் உப்பு, மண்ணின் கந்தகம் எல்லாம் உண்டு. நீர் தேங்கிய மண்ணில் வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறிவிடும். உப்புள்ள நீரில் துகள்கள் திரளக்கூடும். மேலும் வெள்ளி பயிர்ச் சத்து அன்று. தீமை செய்யும் பாக்டீரியா எது, நன்மை செய்வது எது என்று அதற்குத் தெரியாது. செம்பு பயிருக்குச் சிறிதளவு தேவையான நுண்சத்து. ஆயினும் அது மண்ணிலிருந்து எளிதில் போகாது. நூறாண்டுக்கும் மேலாகச் செம்பு மருந்து தெளித்த ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் செம்பு சேர்ந்துபோய் மண்ணுக்குச் சுமையாகியுள்ளது.

வாங்கும் முன் கேளுங்கள்

1. எந்தப் பொருள்? உலோகமா, அதன் ஆக்சைடா, உப்பா? 2021ஆம் ஆண்டில் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் சேர்க்கப்பட்ட நானோ யூரியா உலோகம் அன்று. 'நானோ' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

2. துகளின் அளவு என்ன, வடிவம் என்ன, மேல்பூச்சு என்ன? திரளாமல் எத்தனை மாதம் இருக்கும்?

3. பதிவு உண்டா? உரமானால் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படியான விவரமும், நோய் மருந்தானால் மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண்ணும் புட்டியில் இருக்க வேண்டும். நானோ வேளாண் இடுபொருள்களை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2020ஆம் ஆண்டில் வெளியிட்டுள்ளது.

4. எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு? 'எல்லா நோய்க்கும்' என்பது மருந்தின் அடையாளம் ஆகாது.

5. விற்பனை ரசீது கிடைக்குமா? ரசீது தராதவரிடம் எந்த மருந்தையும் வாங்காதீர்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

உலோகம் நுண்துகளாகும்போது மேற்பரப்பு பெருகும். அந்த மேற்பரப்பின் தரத்தை, வெளியே தெரியும் படிக முகங்கள் முடிவு செய்யும். முகங்களை வடிவமும், வடிவத்தை வளர்த்த முறையும் மேல்பூச்சும் முடிவு செய்யும். துகள் கரைந்தாலும் திரண்டாலும் அந்தச் சிறப்பு நிலைக்காது.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு பழத்தைச் சுற்றி 12 பழங்களை அடுக்கி, அவற்றைச் சுற்றி இன்னொரு அடுக்கு வைத்தால் மொத்தம் 55 பழங்கள். இதில் வெளியே தெரிபவை எத்தனை? (விடை: 42. நூற்றுக்கு 76க்கும் மேல் வெளியிலேயே இருக்கின்றன.)

2. வெள்ளியின் சதுர முகத்தில் பூச்சு ஒட்டினால் கிடைக்கும் வடிவம் எது? ஏன்?

3. மயில்துத்தத்தைப் பொடியாக்கிக் கரைப்பதால் அதன் மருந்துச் சக்தி கூடுமா, கரையும் நேரம் மட்டும் குறையுமா?

அந்தப் பெரியவருக்கு அன்று நான் சொல்ல வேண்டியிருந்த விடை இதுதான்: "ஐயா, நெல்லும் பதரும் அளவில் ஒன்றே, உள்ளே மணி இருக்கிறதா என்று தூற்றிப் பார்த்துத்தான் நீங்கள் அறிகிறீர்கள். நானோ என்ற பெயரையும் அப்படித் தூற்றிப் பாருங்கள்." அடுத்த போகத்திற்கு யாராவது ஒரு புட்டியை நீட்டினால், பணத்தை எடுக்கும் முன் மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால், அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ அந்தப் புட்டியைக் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள்.